வேண்டாம் என்று சொன்னால் என்ன போகும்? மத நெருக்கடியை இனங்காணவும் சமாளிக்கவும் ஒரு வழிகாட்டி

மதத்தைப் பற்றி ஒருவர் உங்களிடம் பேசுவது வேறு, உங்களை நெருக்குவது வேறு. குரலின் சத்தத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. தொண்டை கிழிய விவாதித்துவிட்டு மறுநாள் பழையபடி தோளில் கைபோட்டுப் பேசுகிற நண்பர் உங்களை நெருக்கவில்லை. கண்ணீர் மல்கக் கனிவாகப் பேசிவிட்டு, கடைசியில் "இதுக்கு மேல உன் இஷ்டம், ஆனா இந்த வாசப்படியை மறந்துடு" என்பவர் நெருக்குகிறார். கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வேண்டாம் என்று சொன்னால் என் கையைவிட்டு என்ன போகும்? எதிராளிக்குக் கொஞ்சம் மனவருத்தம், அவ்வளவுதான் என்றால் அது பேச்சு. வேலை, தங்குமிடம், படிப்பு, மருந்து, பிள்ளைகள், உடம்பின் பாதுகாப்பு என்று ஏதாவது போகும் என்றால் அது நெருக்கடி.

இந்தக் கேள்வி எல்லாத் திசைக்கும் பொருந்தும். ஒரு மதத்துக்கு வா என்று இழுப்பதும், விட்டுப் போகாதே என்று கட்டிவைப்பதும், எந்தச் சாமியும் கூடாது என்று மிரட்டுவதும் இந்த அளவுகோலுக்கு முன்னால் ஒன்றுதான். சேர்க்கிறவர்களைப் பற்றி மட்டும் ஊர் பேசும். போகவிடாமல் பிடித்து வைக்கிறவர்கள் பெரும்பாலும் சொந்த வீட்டிலேயே இருப்பதால் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

என்ன கேட்கிறார்கள் என்று பிரித்து எழுதுங்கள்

"மதம் மாறச் சொல்றாங்க" என்பது ஒரே கோரிக்கை போலத் தெரியும். தாளில் எழுதிப் பார்த்தால் ஆறேழாகப் பிரியும். நம்பச் சொல்கிறார்களா? வழிபாட்டுக்கு வரச் சொல்கிறார்களா? சடங்கு செய்துகொள்ளச் சொல்கிறார்களா? பெயரையோ உடையையோ மாற்றச் சொல்கிறார்களா? உறுதிமொழியோ கையெழுத்தோ கேட்கிறார்களா? பணம் கேட்கிறார்களா? யாருடனாவது பழகுவதை நிறுத்தச் சொல்கிறார்களா?

ஒவ்வொன்றுக்கும் எதிரே "சரி", "முடியாது", "இப்போது சொல்ல முடியாது" என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். உறவினர் வீட்டு நிகழ்ச்சிக்குப் போய் ஓரமாக உட்கார்ந்திருக்க உங்களுக்குத் தடை இல்லாமல் இருக்கலாம். அங்கே எழுந்து நின்று விசுவாச அறிக்கை சொல்வது முடியாததாக இருக்கலாம். இந்தப் பிரிவினையைப் போகும் முன்பே வீட்டில் உட்கார்ந்து செய்துவிட வேண்டும். கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு முடிவெடுப்பவர்கள் சங்கடத்துக்காக ஒன்றுக்குச் சரி என்பார்கள், அடுத்த வாரம் "அன்னைக்குச் சரின்னு சொன்னியே, இன்னைக்கு என்ன?" என்று அதே சம்மதம் அவர்களுக்கு எதிராகத் திரும்பும். ஒரு முறை கலந்துகொண்டது அடுத்த முறைக்கான வாக்குறுதி ஆகாது என்பதை முதல் முறையிலேயே சொல்லிவிடுங்கள்.

உறுதிமொழி, கையெழுத்து, பெருந்தொகை, உறவை முறித்தல் ஆகிய நான்கும் திரும்பப் பெறக் கடினமானவை. இவற்றைக் கேட்ட அன்றே கொடுக்கவே கூடாது. உறுதிமொழி வெறும் வாய்வார்த்தைதானே என்று நினைக்க வேண்டாம். சான் மரினோ நாட்டில் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை நற்செய்தி நூலின்மேல் சத்தியம் செய்தால்தான் பதவி என்று கட்டாயப்படுத்தியதை, மதச் சுதந்திரத்தை மீறிய செயல் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1999-இல் தீர்ப்பளித்தது.

பேச்சு எந்த இடத்தில் நெருக்கடியாகிறது

முதலில் பார்க்க வேண்டியது, பேசுகிறவர் கையில் உங்கள் குடுமி இருக்கிறதா என்பது. இதற்குக் கிரீஸ் நாட்டு வழக்கு ஒன்றை விடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. விமானப்படை அதிகாரிகள் மூவர், பெந்தகொஸ்தே சபையினர், தங்களுக்குக் கீழே பணியாற்றிய வீரர்களிடமும் படைக்கு வெளியே இருந்த சாதாரண மக்களிடமும் மதம் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. 1998-இல் வந்த தீர்ப்பு வழக்கை இரண்டாக வெட்டியது: கீழ்நிலை வீரர்களிடம் பேசியதற்குக் கொடுத்த தண்டனை செல்லும், வெளியாட்களிடம் பேசியதற்குக் கொடுத்த தண்டனை செல்லாது. பேசியவர்கள் அதே ஆட்கள்தான். ஆனால் தெருவில் போகிறவர் "எனக்கு வேலை இருக்கு" என்று நகர்ந்துவிடலாம். படைவீரர் தன் மேலதிகாரியின் பேச்சைப் பாதியில் வெட்டிவிட்டுப் போக முடியாது. உங்கள் மேலாளர், ஆசிரியர், மருத்துவர், விடுதிக் காப்பாளர், கடன் கொடுத்தவர், வீட்டு உரிமையாளர் எல்லோருக்கும் இதே கணக்கு. அதிகாரம் இல்லாத ஒருவர் வீடு தேடி வந்து பேசுவதை அதே நீதிமன்றம் வேறு விதமாகப் பார்த்தது. யெகோவாவின் சாட்சிகள் அமைப்பைச் சேர்ந்த ஒருவர் அப்படிப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டபோது, 1993-இல் அந்தத் தண்டனை அவருடைய உரிமையை மீறியது என்றது.

அடுத்தது, கொடுப்பதோடு முடிச்சுப் போடுகிறார்களா என்பது. பசித்தவருக்குச் சோறு போடுவது தர்மம். சோற்றுக்கு முன்னால் பெயர்ப் பதிவு கேட்டால் அது வியாபாரம். மூன்றாவது, அவசரம்: "இன்னைக்கே", "இந்தக் கூட்டம் முடியறதுக்குள்ள", "அப்பா உசுரோட இருக்கும்போதே". நான்காவது, தனிமைப்படுத்துதல். பழைய நண்பர்கள், உடன்பிறந்தவர்கள், கைபேசி என்று ஒவ்வொன்றாகக் கழன்று, ஒரே குழுவின் குரல் மட்டும் காதில் விழ ஆரம்பித்தால் எச்சரிக்கையாகுங்கள். ஐந்தாவதைப் பலர் கவனிப்பதே இல்லை: வெளியேறும் வழியைப் பற்றிக் கேட்டால் பதில் வராது. சேருவதற்குப் பத்துப் பேர் வழி காட்டுவார்கள், "பிறகு எனக்கு ஒத்துவரலைன்னா எப்படி வெளியே வர்றது?" என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றினால் அதுவே பதில்.

ஒரே ஒரு அடையாளம் இருந்தால் உடனே குற்றம் என்று முடிவுகட்ட வேண்டாம். அதிகாரமும் முடிச்சும் சேர்ந்து இருந்தால் மற்றவற்றைத் தேடவே தேவையில்லை.

சட்டம் எதுவரை துணைக்கு வரும்

1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் 18-ஆவது பிரிவு, மதத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரத்தை வெளிப்படையாகவே சொல்கிறது. 1966-இல் ஏற்கப்பட்டு 1976-இல் நடைமுறைக்கு வந்த குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை ஒரு படி மேலே போய், தனக்கு விருப்பமான மதத்தைக் கொண்டிருக்கும் அல்லது ஏற்கும் சுதந்திரத்தைக் குலைக்கும் வற்புறுத்தலைத் தடை செய்கிறது. அதை விளக்கி ஐ.நா. மனித உரிமைக் குழு 1993-இல் வெளியிட்ட 22-ஆம் பொதுக் கருத்துரை, அடி உதை மிரட்டலும் தண்டனை மிரட்டலும் மட்டுமன்றி, கல்வி, மருத்துவம், வேலை ஆகியவற்றைக் கிடைக்காமல் செய்வதும் இந்தத் தடைக்குள் வரும் என்கிறது. மதம் இல்லாமல் இருப்பதற்கும் அதே பாதுகாப்பு உண்டு. தன் நம்பிக்கை என்ன என்பதை வெளியில் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது.

உள்ளே நம்புவதும் வெளியே நடந்துகொள்வதும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு. மனத்துக்குள் எதை நம்புகிறீர்கள் என்பதில் அரசு கை வைக்கவே முடியாது, நாட்டில் அவசரநிலை அறிவித்த காலத்திலும்கூட. வழிபாடு, ஊர்வலம், ஒலிபெருக்கி போன்றவற்றைப் பொதுப் பாதுகாப்பு, சுகாதாரம், பிறர் உரிமை போன்ற காரணங்களுக்காகச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தலாம். புகார் எழுதும்போது உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். முதல் வகை என்றால் வழக்கு வலுவானது.

இதெல்லாம் ஏட்டில் உள்ளது. மதத்தை விட்டதற்கே தண்டனை, மரண தண்டனை வரைக்கும், சட்டத்தில் வைத்திருக்கும் நாடுகள் இன்றும் உண்டு. அங்கே இருப்பவர்கள் கீழே வரும் "ஆபத்து" பகுதியை முதலில் படிக்கவும்.

நீங்களே தேர்ந்தெடுக்க யோசித்தால்

மணிமேகலை வஞ்சி மாநகரில் பல சமயத்தாரையும் தேடிப் போய், உங்கள் கொள்கை என்ன என்று ஒவ்வொருவரிடமும் கேட்ட பிறகே பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் வந்தாள். இளம்பெண்ணாகப் போனால் ஒழுங்காகச் சொல்ல மாட்டார்கள் என்று மாதவன் (ஆண் துறவி) வடிவெடுத்துப் போனாள் என்பது கதையில் இன்னும் சுவையான இடம். இன்றைக்கு வேடம் தேவையில்லை, ஆனால் கேட்கிற வரிசை அதேதான்.

திருவிழா நாளையும் சிறப்புக் கூட்டத்தையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கூட்டம் குறைவான சாதாரண நாளில், மழை பெய்கிற நாளில் போங்கள். பேச்சாளர் மேடையில் இல்லாதபோது அங்குள்ளவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பழகுகிறார்கள் என்று தெரியும். ஓர் ஆண்டுச் சுழற்சி முழுவதையும், நோன்பு, துக்கச் சடங்கு, திருமணம் உட்பட, வெளியில் நின்று பார்க்க முடிந்தால் நல்லது. அந்தச் சமயத்தின் நூலை அவர்கள் குறித்துக் கொடுக்கும் பக்கங்களை மட்டும் படிக்காமல் முன்னும் பின்னும் படியுங்கள். அங்கே இருந்துவிட்டு வெளியே வந்தவர் ஒருவரிடமாவது பேசுங்கள். கோபத்தோடு வந்தவர் ஒருவர், கோபமில்லாமல் வந்தவர் ஒருவர் என்று இருவர் கிடைத்தால் இன்னும் தெளிவு.

பொறுப்பில் உள்ளவரிடம் நேருக்கு நேர் கேட்க வேண்டியவை: வருமானத்தில் எவ்வளவு எதிர்பார்ப்பீர்கள்? வேறு மதத்தவரைத் திருமணம் செய்தால் என்ன ஆகும்? என் துணையும் பிள்ளைகளும் சேர வேண்டுமா? மருத்துவச் சிகிச்சையில் எதற்காவது தடை உண்டா? விட்டுப் போனவர்களோடு உறுப்பினர்கள் பேசலாமா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

துக்கம் நடந்த வீடு, பெரிய நோய், கடன் நெருக்கடி, காதல் முறிவு, புது நாட்டில் தனிமை ஆகிய சமயங்களில் ஆறுதல் தேடிப் போவது இயல்பு, போகலாம். திரும்பப் பெற முடியாத முடிவுகளை மட்டும் அந்தக் காலம் தாண்டும்வரை தள்ளிப்போடுங்கள். உண்மையான நம்பிக்கை ஆறு மாதத்தில் கெட்டுப்போகாது. காத்திருக்க முடியாது என்று எதிர்த்தரப்பு சொன்னால், அவசரம் யாருடையது என்று தெரிந்துவிடும்.

திருமணத்துக்காக மாறுவது தனி விஷயம். உங்கள் நாட்டுச் சட்டத்தில் இருவரும் அவரவர் மதத்திலேயே இருந்து பதிவுத் திருமணம் செய்ய வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வழி இருந்தும் மாறத் தோன்றுகிறதென்றால், திருமணப் பேச்சு நின்றுபோனாலும் மாறுவேனா என்று கேட்டுப் பாருங்கள். பதில் "இல்லை" என்றால் நீங்கள் மாறுவது மதத்துக்காக இல்லை. அதில் குற்றமில்லை, ஆனால் அதைத் தெரிந்தே செய்யுங்கள்.

வேண்டாம் என்று சொல்லும் விதம்

காரணம் சொல்லாதீர்கள். இதில்தான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்கிறார்கள். "எனக்கு நேரமில்லை" என்றால் வசதியான நேரத்தைக் கேட்பார்கள். "எனக்கு அந்தக் கொள்கை புரியலை" என்றால் புரியவைக்க ஆள் அனுப்புவார்கள். "வீட்ல ஒத்துக்க மாட்டாங்க" என்றால் வீட்டுக்கே வந்துவிடுவார்கள். ஒவ்வொரு காரணமும் உள்ளே வருவதற்கு ஒரு கதவு. கதவில்லாத வாக்கியம் ஒன்றைத் தயார் செய்து, அதையே சொல் மாறாமல் மூன்று முறை சொல்லுங்கள்.

அறிமுகமானவரிடம்: "நீங்க அன்பா கூப்பிட்டதுக்கு நன்றி. எனக்கு விருப்பமில்லை. வேற ஏதாவது பேசலாம்."

மேலதிகாரியிடம்: "சார், என் வேலையில ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க, சரி பண்ணிக்கிறேன். மதம் என் சொந்த விஷயம், அதைப் பத்திப் பேச விரும்பலை." வேலையையும் மதத்தையும் ஒரே மூச்சில் பிரித்துவைப்பதால், பின்னால் வேலையில் கைவைத்தால் காரணம் தெளிவாகத் தெரியும்.

அப்பா அம்மாவிடம் இந்த வறட்டு வாக்கியம் எடுபடாது, புண்படுத்தவும் செய்யும். அங்கே உறவை முதலில் சொல்லுங்கள்: "அம்மா, நான் உங்க பொண்ணுதான், அது மாறப்போறதில்லை. வீட்டு விசேஷத்துக்கு எப்பவும் போல வருவேன், எல்லா வேலையும் செய்வேன். பூசையில உட்கார மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க." எதைச் செய்வேன் என்பது முதலில், எதைச் செய்ய மாட்டேன் என்பது கடைசியில், அதுவும் ஒன்றே ஒன்று. அவர்கள் பயப்படுவது பல சமயம் சாமியைப் பற்றியே இருக்காது. நாலு பேர் என்ன சொல்வார்கள், கடைசிக் காலத்தில் கொள்ளி வைப்பது யார், தங்கை கல்யாணம் என்ன ஆகும் என்பதாக இருக்கும். அந்தப் பயம் எதுவென்று தெரிந்தால் அதற்கு நேரடியாகப் பதில் சொல்லலாம்.

மருத்துவமனைக் கட்டிலில் இருப்பவர் சார்பாக உடனிருப்பவர் செவிலியரிடம் சொல்லி வைக்கலாம்: நோயாளி கேட்டால் தவிர மதப் பிரார்த்தனைக்கு யாரையும் அனுமதிக்க வேண்டாம் என்று. இதை எழுத்தாகக் கொடுத்தால் பணி மாறும்போதும் நிற்கும்.

குறிப்பேடு

நெருக்கடி தொடர்கிறது என்று தோன்றிய அன்றே எழுத ஆரம்பியுங்கள். மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதுவது பாதி மதிப்புக்கூடப் பெறாது. ஒரு பதிவு இப்படி இருக்க வேண்டும்:

"செவ்வாய், மாலை 6.10, மேலாளர் அறை. அவர் சொன்னது: 'வியாழக்கிழமை பிரார்த்தனைக்கு வராதவங்க பேரைக் குறிச்சு வச்சிருக்கேன், ஒப்பந்தம் புதுப்பிக்கிறப்ப பார்த்துக்கலாம்.' நான் சொன்னது: 'எனக்கு விருப்பமில்லை சார்.' உடனிருந்தவர்: கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர். பின் நடந்தது: வெள்ளி காலை பணிப் பட்டியலில் எனக்கு இரண்டு நாள் குறைக்கப்பட்டிருந்தது."

சொன்ன சொற்கள் சொன்னபடியே இருக்கின்றன. "மிரட்டினார்", "மதவெறியர்" போன்ற உங்கள் தீர்ப்பு அதில் இல்லை. அந்தத் தீர்ப்பைப் படிப்பவர் தாமாகச் சொல்லிக்கொள்வார். குறுஞ்செய்திகளைத் திரைப்பிடிப்பு எடுக்கும்போது அனுப்பியவர் எண்ணும் தேதியும் தெரிய வேண்டும், முன்னும் பின்னும் உள்ள செய்திகளும் இருக்க வேண்டும். நடுவில் வெட்டிய ஒரு வரியை எதிர்த்தரப்பு எளிதில் தட்டிவிடும். உரையாடலைத் தெரியாமல் ஒலிப்பதிவு செய்வது சில நாடுகளில் குற்றம், ஆகவே முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நகலை வீட்டில் எல்லோரும் திறக்கும் கைபேசியிலோ பொதுக் கணினியிலோ வைக்காதீர்கள்.

ஆபத்து இருந்தால்

அடி, அடைத்துவைத்தல், கட்டாயத் திருமணம், கொலை மிரட்டல் என்ற அளவுக்குப் போகக்கூடிய வீடு என்றால், வெளியே சொல்வது கடைசி வேலை. உண்மையைச் சொல்லிவிட்டுப் பிறகு ஏற்பாடு செய்வோம் என்று நினைப்பவர்களின் அடையாள அட்டையும் கைபேசியும் அன்றிரவே பிடுங்கப்படும். வரிசை தலைகீழாக இருக்கட்டும்.

முதலில் கடவுச்சீட்டு, அடையாள அட்டை, பிறப்புச் சான்று, படிப்புச் சான்றுகள், மருந்துச் சீட்டு ஆகியவற்றின் மூலப் பிரதிகளை நம்பகமான ஒருவரிடம் சேர்த்துவிடுங்கள், ஒரே நாளில் எல்லாம் காணாமல்போனால் சந்தேகம் வரும் என்பதால் ஒவ்வொன்றாக. உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு; அதன் செய்திகள் வேறு எண்ணுக்குப் போகக் கூடாது. கைபேசியில் இருப்பிடப் பகிர்வு, குடும்பத்தோடு பகிர்ந்த மின்னஞ்சல், தானாக நகலெடுக்கும் படக் கிடங்கு ஆகியவற்றைப் பாருங்கள்; ஆனால் திடீரென அணைத்தால் கண்ணில் படும், எனவே ஆபத்தான தேடலையும் பேச்சையும் வேறு கருவியில் செய்வதே மேல். வெளியில் ஒருவரோடு ஒரு குறிச்சொல் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: அந்தச் சொல் வந்தால் காவல்துறையை அழைக்க வேண்டும், இவ்வளவு மணி நேரம் பதில் இல்லாவிட்டாலும் அழைக்க வேண்டும். குடும்ப வன்முறைக்கான உதவி எண்கள் இதற்கும் பொருந்தும். "மதப் பிரச்சினை" என்று தொடங்காமல் "அடைத்து வைத்திருக்கிறார்கள்", "அடிப்பதாக மிரட்டுகிறார்கள்" என்று நடப்பதைச் சொன்னால் விரைவாக அசைவார்கள்.

வெளிநாட்டுக்கு ஓடித்தான் ஆக வேண்டும் என்ற நிலைக்கு, 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை மதத்தின் காரணமான துன்புறுத்தலை, அகதியாக ஏற்பதற்கான ஐந்து அடிப்படைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. அங்கே கேட்கப்படும் கேள்வி, உங்கள் நம்பிக்கை எப்போது, எப்படி மாறியது, ஊர் திரும்பினால் உங்களுக்கு யாரால் என்ன ஆகும் என்பது. வேதப் பரீட்சை போல நூல் வரிகளை மனப்பாடம் செய்து போவதைவிட, தேதி வாரியாக நடந்ததைக் கோர்வையாகச் சொல்லத் தயாராவது உதவும். ஐ.நா.வில் மதச் சுதந்திரத்துக்கான சிறப்பு அறிக்கையாளர் பொறுப்பு 1986 முதல் உண்டு. தனிநபர் விவரங்களை அங்கே அனுப்பலாம். பாதிக்கப்பட்டவரின் ஒப்புதல் இல்லாமல் அவர் பெயரில் யாரும் அனுப்பிவிடக் கூடாது, ஏனென்றால் விளக்கம் கேட்டு அரசுக்கே கடிதம் போகும்.

பள்ளியும் பணியிடமும்

இங்கே புகாரைவிட விலக்குக் கேட்பது பல சமயம் சீக்கிரம் பலிக்கும். "உங்கள் வழிபாடு தவறு" என்று எழுதினால் நிர்வாகம் முறுக்கிக்கொள்ளும். "அந்த நேரத்தில் நூலகத்தில் அமர அனுமதிக்கவும்" என்று எழுதினால் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பாதி வழி நாம் போனதைக் காட்டுவதும் வழக்கில் நிற்கும். தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்று, தங்கள் மத நம்பிக்கை காரணமாகப் பாடாமல் மட்டும் இருந்ததற்காகக் கேரளத்தில் பள்ளியைவிட்டு நீக்கப்பட்ட மூன்று பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கும்படி இந்திய உச்ச நீதிமன்றம் 1986-இல் உத்தரவிட்டது.

விலக்குக் கேட்டும் மறுத்தால் புகார். ஒரு பக்கத்துக்குள்: எந்தத் தேதியில் யார் என்ன செய்யச் சொன்னார், மறுத்தபின் என்ன நடந்தது, நீங்கள் கேட்கும் தீர்வு என்ன. தீர்வு இல்லாத புகார் கோப்பிலேயே தூங்கும். நகலில் பெற்றதற்கான முத்திரை வாங்குங்கள்.

காகிதத்தில் மாறுவதற்கு முன்

மனம் மாறுவதும் பதிவேடு மாறுவதும் ஒரே நாளில் நடக்க வேண்டியதில்லை. பதிவேட்டில் மாறும்போது திருமணம், விவாகரத்து, பிள்ளைகளின் பொறுப்பு, வாரிசுரிமை, இடஒதுக்கீடு, அடக்கம் செய்யும் இடம் எல்லாம் சேர்ந்து அசையக்கூடும். இந்தியாவில் பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்கு மட்டுமே உண்டு. 1950-ஆம் ஆண்டு ஆணை இந்துக்களோடு தொடங்கி, 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தது. இந்து திருமணச் சட்டத்தில் துணைவர் வேறு மதத்துக்கு மாறியது விவாகரத்துக்கு ஒரு காரணம். சில மாநிலங்களில் மாறும் முன் மாவட்ட நிர்வாகத்துக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கட்டாய மாற்றத்தைத் தடுக்க என்று வந்த அந்த விதியில், தானே விரும்பி மாறுகிறவரின் பெயரை ஊருக்கு அறிவித்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. மலேசியாவில், அடையாள அட்டையிலிருந்து இஸ்லாம் என்ற சொல்லை நீக்க ஷரியா நீதிமன்றத்தின் உறுதி வேண்டும் என்று 2007-இல் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. ஜெர்மனியில் தேவாலயத்தை விடுவதற்கு மாநிலத்தைப் பொறுத்து உள்ளூர் நீதிமன்றத்திலோ பதிவு அலுவலகத்திலோ அறிவிக்க வேண்டும். அதுவரை வருமான வரியின் 8 அல்லது 9 சதவீதம் தேவாலய வரியாகப் போய்க்கொண்டிருக்கும். அந்தச் சான்றைத் தூக்கி எறியாமல் வாழ்நாள் முழுக்க வைத்திருக்க வேண்டும், பல ஆண்டு கழித்தும் கேட்பார்கள்.

எந்த நாடானாலும், கையெழுத்துக்கு முன் குடும்பச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் அரை மணி நேரம் உட்காருங்கள். சேர்க்கும் அமைப்பின் வழக்கறிஞராக அவர் இருக்கக் கூடாது.

பிள்ளைகள்

தங்கள் நம்பிக்கையைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கை அதைப் பிள்ளையின் வளரும் பக்குவத்தோடு சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. ஜெர்மனியின் 1921-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வயதே குறித்திருக்கிறது: 12 வயதுக்குமேல் பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாக வேறு மத வளர்ப்புக்கு மாற்றக் கூடாது, 14-இல் முடிவு பிள்ளையுடையது. சட்டம் வயது குறிக்காத இடத்திலும் வீட்டில் இதைப் பின்பற்றலாம். பதின்வயதுப் பிள்ளை "நான் வரலை" என்றால் உணவையும் படிப்பையும் கைச்செலவையும் அதோடு சேர்க்காதீர்கள். சேர்த்தால் பிள்ளை வரும், கூடவே நடிக்கவும் கற்றுக்கொள்ளும்.

தன் நம்பிக்கையைச் சொல்ல விரும்புபவருக்கு

அனுமதி கேட்டுவிட்டுப் பேசுங்கள், ஒரு முறை கூப்பிடுங்கள், மறுத்தால் அவராகக் கேட்கும்வரை விட்டுவிடுங்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்பவர், உங்களிடம் கடன்பட்டவர், உங்கள் நோயாளி, உங்கள் மாணவர் ஆகியோரிடம் இதை ஆரம்பிக்கவே வேண்டாம். அவராகக் கேட்டால் வேறு ஒருவரிடம் அனுப்பிவையுங்கள். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற சமயத்தில் உதவிப் பொருளும் சமய நூலும் ஒரே பையில் போகக் கூடாது, ஒரே கையாலும் போகக் கூடாது. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994-இல் வகுத்த பேரிடர் நடத்தை நெறி, எந்த மத நிலைப்பாட்டையும் வளர்க்க உதவியைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. 2011-இல் உலகத் திருச்சபைகள் மன்றமும் வத்திக்கானின் பல்சமய உரையாடல் அவையும் உலக நற்செய்திக் கூட்டமைப்பும் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறை, வறுமையையும் தேவையையும் பயன்படுத்தி ஆள் சேர்ப்பதை நிராகரித்ததோடு, மாற விரும்புபவருக்கு யோசிக்கப் போதிய நேரம் கொடுக்கவும் சொல்கிறது.

சேர்ந்தவர் ஒருநாள் போகிறேன் என்பார். அப்போது செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. அவர் கொடுத்து வைத்த சான்றிதழ்கள் இருந்தால் அன்றே திருப்பிக் கொடுங்கள். உறுப்பினர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கியதற்கு எழுத்தில் ஒரு வரி கொடுங்கள். உங்கள் துண்டறிக்கையிலும் காணொளியிலும் உள்ள அவர் படத்தையும் சாட்சியையும் எடுத்துவிடுங்கள். செய்திக் குழுவிலிருந்து எண்ணை நீக்குங்கள், "ஏன் போனீர்கள்?" என்று விசாரிக்க வீட்டுக்கு ஆள் அனுப்பாதீர்கள். அவருடைய தம்பி இன்னும் உங்கள் அமைப்பில் இருந்தால், அண்ணனோடு பேசலாமா என்று உங்களிடம் வந்து கேட்பான். பேசு என்று மட்டும் சொல்லுங்கள்.